தக்காணத்துக் கரும்பாறையைப் படிப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

மும்பை–கோவா நெடுஞ்சாலையில் போலாத்பூர் என்று ஓர் ஊர் வரும். அங்கிருந்து மகாபலேஷ்வருக்கு ஏறும் ஆம்பேநளி மலைச்சாலை சுமார் 40 கி.மீ. நீளம். கிட்டத்தட்டக் கடல்மட்டத்தை ஒட்டித் தொடங்கி 1,300 மீட்டருக்கு மேல் போய்விடும். சுற்றுலா போகிறவர்கள் பள்ளத்தாக்குப் பக்க ஜன்னலுக்கு அடித்துக்கொள்வார்கள். நீங்கள் மலைப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சாலைக்காக வெட்டிய அந்தச் சுவரில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றின்மேல் ஒன்றாகப் பரவி உறைந்த லாவா அடுக்குகள் கீழிருந்து மேலாக வரிசையாக வரும். 1985-இல் காக்ஸ், ஹாக்ஸ்வொர்த் என்ற இரு ஆய்வாளர்கள் மகாபலேஷ்வர் அடுக்குகளை வேதியியல் அடிப்படையில் பிரித்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து தக்காண எரிமலைப் பாறை ஆய்வில் இந்த மலைக்குத் தனி மரியாதை.

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், நல்ல கெட்டியான பாறையாகப் பார்த்து அதன் முன்னால் நின்று உற்றுப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் அகப்படாது. கறுப்பாக ஒரு சுவர், அவ்வளவுதான். ஓர் அடுக்கு முடிந்து அடுத்தது தொடங்குகிற எல்லையில்தான் எல்லாச் செய்தியும் இருக்கிறது. அந்த எல்லையைக் கண்டுபிடிப்பதும் அதிலிருந்து மேலும் கீழும் படிப்பதும்தான் இந்தத் தொழிலில் முக்கால்வாசி வேலை.

கிளம்புவதற்கு முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மகாபலேஷ்வர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும்; ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைக்குப் பதில் பாசியையும் மூடுபனியையும்தான் பார்ப்பீர்கள். மண்சரிவு வேறு. புல் காய்ந்தபின் போனால் வெட்டுமுகம் பளிச்சென்று தெரியும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவு நாடா, பென்சில், கோடில்லாத நோட்டு, ஒரு சுத்தியல், நூலில் கட்டிய சிறு காந்தம், தெளிப்பான் உள்ள தண்ணீர்ப் பாட்டில். இவ்வளவு போதும். தண்ணீர் குடிக்க மட்டுமல்ல: காய்ந்த பாறையில் தெரியாத படிகங்கள் நனைத்தவுடன் தெரியும். சுத்தியலை விழுந்து கிடக்கும் கல்லில் மட்டும் பயன்படுத்துங்கள். குடைவரைகள், கோட்டைகள், அரசு பாதுகாக்கும் புவியியல் சின்னங்கள் அருகே அதைப் பையை விட்டே எடுக்கக் கூடாது. திசைகாட்டியை முழுக்க நம்ப வேண்டாம். இந்தப் பாறையில் காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிமம் இருப்பதால் முள் பக்கத்தில் போனால் தடுமாறும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “மலை உச்சியில் எரிமலை வாய் எங்கே இருக்கிறது?” என்று எல்லோரும் கேட்பார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. தக்காண லாவா கூம்பு மலையிலிருந்து பீறிட்டதல்ல. நிலத்தில் நீண்ட பிளவுகள் வழியாக வெளியேறிப் பரவியது. இன்றைக்கு மிச்சமிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ.; மேற்குத் தொடர்ச்சி மலையில் அதன் தடிமன் 2 கி.மீ.யைத் தாண்டும். வட்டமாக ஒரு பள்ளத்தைக் காட்டி எரிமலை வாய் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள். மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரியின் 1.8 கி.மீ. விட்டமுள்ள பள்ளம் இதே பாறையில்தான் இருக்கிறது. ஆனால் அது விண்கல் மோதியதால் வந்தது.

முதலில் தள்ளி நின்று பாருங்கள்

பிரதாப்கட் கோட்டைக்குப் பிரியும் இடத்தை நெருங்கும்போது வண்டியை ஓரம் கட்டி, எதிரே இருக்கும் மலையைப் பாருங்கள். செங்குத்தான கறுப்புச் சுவர், அதன்மேல் மரமும் புல்லும் மண்டிய ஒரு சரிவு, மறுபடி சுவர், மறுபடி சரிவு. மலை படிக்கட்டாகத் தெரியும். சுவராக நிற்பது ஒவ்வொரு லாவா அடுக்கின் கெட்டியான நடுப்பகுதி. சரிவாக இருப்பது அடுக்கின் மேல்பகுதி. துளையும் உடைசலுமாக இருப்பதால் சீக்கிரம் மண்ணாகிச் செடி பிடித்துவிடுகிறது. ஆக, எல்லைகள் அந்தப் பச்சைப் பட்டைகளில்தான் இருக்கின்றன. ஊற்றுகளும் பெரும்பாலும் அங்கேதான் கசியும்.

நோட்டில் மலையின் வெளிக்கோட்டை வரைந்து பட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை.

ஓர் அடுக்கைக் கீழிருந்து மேலே

இப்போது சாலை வெட்டுக்கு அருகே வாருங்கள். ஓர் அடுக்கை முழுதாகப் பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கீழ் எல்லையை ஓரிடத்திலும் மேல் எல்லையை இன்னோரிடத்திலும் பாருங்கள்.

அடிப்பகுதியில், எல்லைக்குச் சற்று மேலே, விரல்போல நிமிர்ந்து நிற்கும் குழாய்த் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அடியில் சிக்கிய வாயு மேலே ஏற முயன்ற தடம் அது. சில இடங்களில் அந்தக் குழாய்களின் மேல்முனை ஒரே பக்கமாக வளைந்திருக்கும். லாவா நகர்ந்த திசை அதுவாக இருக்கலாம். ஒரு குழாயை வைத்து முடிவு கட்டாதீர்கள். நிறையக் குழாய்களை அளந்து, பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு மேலே துளையில்லாத, கெட்டியான பகுதி. முழு அடுக்கும் திரவமாக இருந்தபோது உள்ளே இருந்த வாயு வெளியேறிவிட, மெதுவாக ஆறிய இடம். மேலே போகப் போக மறுபடி துளைகள்: முதலில் பெரிதாக, அரிதாக, பிறகு சிறிதாக, நெருக்கமாக. மேல்தோல் சட்டென்று உறைந்ததால் குமிழிகள் வளர நேரமில்லை. துளை சிறிதாகிக்கொண்டே போகும் பக்கம்தான் அடுக்கின் மேல்பக்கம். சரிந்து உருண்ட பெரிய பாறையைப் பார்த்தால்கூட எது தலை, எது கால் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

மேற்பரப்பு வழவழப்பாக, கயிறு முறுக்கியதுபோல் மடிப்புகளோடு இருந்தால் அதற்குப் பாஹோஹோ என்று ஹவாய்ப் பெயர். கரடுமுரடான துண்டுகளாக உடைந்து கிடந்தால் ஆஆ. நாசிக், இகத்புரி பக்கத்துக் கீழ் அடுக்குகளில் சின்னச் சின்ன பாஹோஹோ நாக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். மகாபலேஷ்வர் பக்கத்து மேல் அடுக்குகள் அகலமான தகடுகள். பலவற்றின் தலைப்பகுதி உடைந்த துண்டுகளாக இருக்கும். பத்து நாக்குகளைப் பத்து வெடிப்புகள் என்று எண்ணிவிடுவது எளிது. நடுவே மண் படிந்த தடயம் இல்லையென்றால் அவை எல்லாம் ஒரே வெடிப்பின் பிள்ளைகளாக இருக்கலாம்.

தடிமன் சொல்லும் காலம்

முதல்முறை கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன கணக்கு இது. பாஹோஹோ லாவா பாய்ந்து ஓடுவதில்லை. மெல்லிய நாக்காக வரும். மேலே தோல் உறையும். உறைந்த தோலுக்கு அடியில் புதிய லாவா தொடர்ந்து புகும். எண்ணெயில் விழுந்த பூரி போல மொத்தமும் உப்பும். உப்பிக்கொண்டிருந்த காலமெல்லாம் மேல்தோல் கீழ்நோக்கித் தடித்துக்கொண்டே போகும். 1990-களில் ஹவாயின் கிலாவியாவில் அந்தத் தோல் தடிக்கும் வேகத்தை அளந்தார்கள். சூத்திரம் எளிது: மேல்தோலின் தடிமனை மீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 164.8-ஆல் பெருக்கினால் எத்தனை மணிநேரம் என்று தெரியும்.

துளைகள் நிறைந்த மேல்பகுதி 5 மீட்டர் என்றால் 4,120 மணி, ஏறக்குறைய ஆறு மாதம். 10 மீட்டர் என்றால் 16,480 மணி, இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மழை பெய்து சீக்கிரம் ஆறியிருந்தால் கணக்கு மாறும். ஆகவே இது உத்தேசம்தான். ஆனாலும் ஒரு நாளில் எல்லாம் நெருப்பு வெள்ளமாக மூடியது என்று மனதில் இருக்கும் சினிமாக் காட்சியைக் கலைக்க இந்த ஒரு கணக்கு போதும். அளவு நாடா கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான்.

சிவப்புப் பட்டையில் நேரம் செலவிடுங்கள்

இரண்டு கறுப்பு அடுக்குகளுக்கு நடுவே சில விரற்கிடை முதல் ஒரு மீட்டர் வரை செங்கல் நிறத்தில் ஒரு களிமண் பட்டை ஓடுவதைப் பார்ப்பீர்கள். புவியியலாளர்கள் இதை ரெட் போல் என்பார்கள். கீழே இருக்கும் அடுக்கு உறைந்தபின், அடுத்தது வந்து மூடும்வரை லாவா வராமல் கிடந்த இடைவெளியின் பதிவு அது. எத்தனை பட்டை இருக்கிறதோ அத்தனை ஓய்வுக்காலம்.

ஆனால் எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. கைலென்ஸோடு உட்கார்ந்து பட்டையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். சிவப்பு களிமண் கொஞ்சம் கொஞ்சமாக மக்கிய பாறையாகி, அதற்கும் கீழே நல்ல பாறையாகிறதா? அப்படியானால் அந்த இடத்திலேயே பாறை மக்கி உண்டான மண். கீழ்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா? அப்படியானால் நீரோ காற்றோ கொண்டுவந்து போட்டது, அல்லது வானிலிருந்து விழுந்த சாம்பல். பிறகு மேல் விளிம்பு. அங்கே நிறம் இன்னும் அடர்ந்து, மண் இறுகிப் போயிருந்தால், மேலே வந்த 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிய லாவா அதைச் சுட்டிருக்கிறது.

மகாபலேஷ்வர், பஞ்ச்கனி மேட்டின் உச்சியை மூடியிருக்கும் சிவந்த கல்லை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது லேட்டரைட். எல்லா லாவாவும் வந்து முடிந்தபின், வெகுகாலம் மழையில் ஊறி உண்டானது. அதன் தலைமேல் லாவா எதுவும் கிடையாது என்பதே வித்தியாசம்.

இந்த மண் பட்டைக்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? இந்தக் கரும்பாறைக்குப் பெயர் பசால்ட். பசால்ட் லாவாவில் சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகம் கிடைப்பது அபூர்வம். ஆனால் ஓய்வுக்காலத்தில் எங்கிருந்தோ விழுந்த சாம்பலோடு வந்த நுண்ணிய சிர்க்கான்கள் இந்தப் பட்டைகளில் சிக்கிக்கொண்டன. சிர்க்கானில் உள்ள யுரேனியம் ஈயமாக மாறும் கணக்கை வைத்துப் பிரின்ஸ்டன் குழு வயது கண்டது. பெர்க்லி குழு லாவாவின் பெல்ட்ஸ்பார் படிகங்களில் பொட்டாசியம் ஆர்கானாக மாறும் கணக்கை வைத்துக் கண்டது. 2019-இல் இரண்டும் ஒரே நேரத்தில் வெளிவந்தன. மொத்த வெடிப்பும் சுமார் 10 லட்சம் ஆண்டுக்குள் அடங்கிவிட்டது என்பதில் இருவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. டைனோசர்கள் அழிந்த எல்லைக்கோடு இந்த அடுக்குகளில் எந்த உயரத்தில் விழுகிறது என்பதில்தான் தகராறு. அழிவுக்குச் சற்று முன்பே ஒரு பெரிய வெடிப்பு அலை வந்தது என்று ஒரு தரப்பு. லாவாவில் முக்கால்வாசி அழிவுக்குப் பின்தான் வந்தது என்று மறு தரப்பு. நீங்கள் சாலையோரத்தில் பார்க்கும் செம்மண் அந்த வழக்கின் சாட்சி.

சில இடங்களில் பட்டைக்குப் பதில் ஏரி படிவு இருக்கும். மும்பை வொர்லி மலையில் அப்படி ஒரு படிவில் கிடைத்த சின்னஞ்சிறு தவளைப் புதைபடிவங்களை ரிச்சர்ட் ஓவன் 1847-இலேயே விவரித்திருக்கிறார்.

கல்லைக் கையில் எடுத்து

விழுந்து கிடக்கும் ஒரு கல்லை உடைத்து, புதிய முகத்தைப் பாருங்கள். வெளித்தோலின் பழுப்பு நிறத்துக்கு மதிப்பில்லை. பசால்ட் என்றால் அடர்சாம்பல் அல்லது கறுப்பு, கையில் கனம், கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகள். நூலில் தொங்கும் காந்தம் மெல்ல அதன் பக்கம் சாயும். லென்ஸில் வெள்ளைக் குச்சிபோல மின்னுவது பிளாஜியோகிளேஸ் என்ற பெல்ட்ஸ்பார் வகை. சில அடுக்குகளில் இந்தப் படிகங்கள் சென்டிமீட்டர் கணக்கில் பெரிதாக இருக்கும். பூமிக்குள் எங்கோ ஒரு தொட்டியில் மாக்மா நெடுநாள் தங்கிப் படிகம் வளர்த்துக்கொண்டு வந்தது என்று பொருள். வடக்கே பல அடுக்குத் தொகுதிகளின் எல்லையைக் குறிக்க ஆய்வாளர்கள் இந்தப் பெரும்படிகப் பாறையையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாம் கருங்கல் என்று சொல்வதில் பெரும்பகுதி எரிமலைக் கல் அல்ல. பல்லாவரம், பரங்கிமலைக் கல் சார்னோகைட். பூமியின் வெகு ஆழத்தில் வெந்து உருவானது. அதில் எண்ணெய் தடவியதுபோல் நீலம் கலந்த குவார்ட்ஸ் மணிகள் கண்ணுக்கே தெரியும். பசால்ட்டில் அது இருக்காது. சார்னோகைட்டில் குமிழித் துளையும் இருக்காது.

துளைகளுக்குள் வெள்ளையாக, பச்சையாக எதையாவது பார்த்தால் அது லாவாவோடு வந்ததில்லை. உறைந்தபின் பாறைக்குள் ஊடுருவிய நீர் விட்டுச்சென்ற கனிமம். சுவரை ஒட்டிப் பச்சைப் பூச்சாக இருப்பது செலடோனைட். அடுத்து ஸ்டில்பைட், ஹ்யூலாண்டைட் போன்ற ஜியோலைட்டுகள். நடுவில் கால்சைட் அல்லது அபோஃபிலைட். வெளியிலிருந்து உள்ளே என்பதுதான் வந்த வரிசை. புனே அருகே வாகோலிக் குவாரியின் நீல நிறக் கவன்சைட்டுக்காக உலகம் முழுதும் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். எனக்கு அதைவிடப் பாதி நிரம்பிய அகேட் துளைதான் பிடிக்கும். உள்ளே தேங்கிய சிலிக்கா மட்டமாகப் படிந்திருக்கும். அந்தக் கோடு அன்றைய கிடைமட்டம். இன்று அது சாய்ந்திருந்தால் மலை பின்னால் சாய்ந்திருக்கிறது. பன்வேலை ஒட்டி அடுக்குகள் மேற்கே கடலை நோக்கி மடிந்து இறங்குகின்றன. அங்கே இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

தூண்களும் சுவர்களும்

மும்பை அந்தேரியில் சுமார் 60 மீட்டர் உயரத்துக்குக் கில்பர்ட் மலை, கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. முழுக்க நெட்டுத் தூண்கள். ஆறும்போது பாறை சுருங்கும், விரிசல் விடும். விரிசல் எப்போதும் ஆறும் பரப்புக்குச் செங்குத்தாக உள்ளே போகும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். தூண்கள் நிமிர்ந்து நின்றால் ஆறிய பரப்பு கிடையாக இருந்தது. அதாவது பரந்த அடுக்கு. தூண்கள் விறகு அடுக்கியதுபோல் படுத்துக் கிடந்தால் ஆறிய பரப்பு நெட்டுச் சுவர். அதாவது நிலத்துப் பிளவில் ஏறி உறைந்த டைக். நந்துர்பார், துளே பக்கம் இத்தகைய டைக்குகள் கூட்டங்கூட்டமாக ஓடுகின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரியில் கறுப்பு கிரானைட் என்று வெட்டி விற்பதில் பலவும் டோலரைட் டைக்குகள்தாம். தக்காணத்தைவிட மிகப் பழையவை.

உடுப்பி அருகே மால்பேயிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரீஸ் தீவின் தூண்களைப் பலரும் பசால்ட் என்று எழுதிவிடுகிறார்கள். அவை சிலிக்கா மிகுந்த ரயோலைட் வகை, தக்காணத்துக்கும் முந்தியவை. மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்த காலத்தோடு சேர்த்துப் பேசப்படுபவை.

சாம்பலாக இருந்தால்

வெடித்துச் சிதறியதைப் படிக்க வேறு கண் வேண்டும். முதலில் துகளின் அளவு: 2 மி.மீ.க்குக் கீழே சாம்பல், 64 மி.மீ. வரை லாபில்லி, அதற்கு மேல் குண்டும் கட்டியும். பிறகு மறுபடி எல்லைதான். வானிலிருந்து விழுந்த சாம்பல் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே தடிமனில் போர்த்தும். தரையோடு சூடாகப் பாய்ந்து வந்தது பள்ளத்தில் தடித்தும் மேட்டில் மெலிந்தும் கிடக்கும். கி.பி. 79-இல் வெசுவியஸ் பொம்பேயை மூடியபோது கீழே வெள்ளை நுரைக்கல், அதன்மேல் சாம்பல் நிற நுரைக்கல் விழுந்து குவிந்தன. பாய்ந்து வந்த நுண்சாம்பல் அதற்கும் மேலே இருக்கிறது. நகரம் எந்த வரிசையில் அழிந்தது என்பதை இந்த எல்லைகள்தான் சொல்லின.

நமக்குக் கிட்டத்தில் பார்க்க, ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜ்வாலாபுரம் இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா வெடித்தபோது 2,500 கி.மீ.க்கு மேல் பறந்து வந்த சாம்பல் அங்கே வெண்மையாகப் படிந்திருக்கிறது. குழியில் இறங்கி மீட்டர் கணக்கில் வெள்ளையைப் பார்த்ததும் அவ்வளவும் வானிலிருந்து விழுந்தது என்று எழுதிவிடாதீர்கள். விழுந்தது அடியில் உள்ள சில சென்டிமீட்டர்தான்: சுத்தமாக, மண் கலக்காமல், கீழ்விளிம்பு கூர்மையாக இருக்கும். மேலே இருப்பது சுற்றுப்புறச் சரிவுகளிலிருந்து மழைநீர் அடித்துவந்து தாழ்வில் சேர்த்தது. அதில் மெல்லிய வரிகளும் மணலும் தெரியும். ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் வைத்தால் உடைந்த குமிழிச் சுவர்களின் வளைந்த கண்ணாடிச் சில்லுகள் தெரியும். சாதாரண வெண்களிமண்ணில் அவை இருக்காது.

நோட்டில் எழுதுவது

முதல் நாளுக்கு மூன்று அடுக்குகள் போதும். பக்கத்தின் இடப்புறம் உயரத்துக்கு ஒரு நெட்டுக்கோடு போட்டு, கீழிருந்து மேலாக வரையுங்கள். பார்த்ததை ஒரு பத்தியிலும் நினைத்ததை அடுத்த பத்தியிலும் தனித்தனியே எழுதுங்கள். “சிவப்பு மண், 40 செ.மீ., கீழ்விளிம்பு மங்கல்” என்பது பார்த்தது. “ஓய்வுக்காலம்” என்பது நினைத்தது. இரண்டும் கலந்துவிட்டால் பிறகு வருகிறவர் எதையும் சரிபார்க்க முடியாது. கல் எடுத்தால் அதன்மேல் எண் எழுதி, எந்த அடுக்கின் எந்தப் பகுதி என்பதையும் குறியுங்கள். ஆய்வகத்தில் கிடைக்கும் வேதியியல் எண்களுக்கு அந்தக் குறிப்பு இல்லாமல் அர்த்தமில்லை. போலாத்பூர் பெயரால் அழைக்கும் அடுக்குகளில், லாவா ஏறி வந்த வழியில் கண்டத்தின் பாறை கலந்த சாயல், அதற்கு மேலுள்ள ஆம்பேநளி அடுக்குகளில் அந்தக் கலப்பு மிகக் குறைவு என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. எண் போட்ட கல்தான் சொல்லும். அப்படிப் பொருத்திப் பார்த்துத்தான், கோதாவரிக் கரையில் ராஜமுந்திரியில் கிடக்கும் லாவாவும் சுமார் 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் இதே மலைத்தொடரின் லாவாவும் ஒன்று என்று சொல்கிறார்கள்.

இறங்கும்போது அதே வெட்டுமுகங்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். மாலை வெயில் சாய்வாக விழும் முகங்களில், காலையில் தப்பிய எல்லை ஒன்றிரண்டு எப்படியும் கண்ணில் படும்.